உணர்ச்சி போன முகத்தை எப்படி எடுப்பது? 15 நிமிட அறிவியல் திகில் குறும்படம் – ஓசூர், பாலக்கோடு

#1 தொப்பூர்க்கணவாய்

எல்லோருக்கும் வணக்கம். குறும்படம் ஒன்றுக்கு ஆலோசனை வேண்டும். கதை இவ்வளவுதான்: தளி பக்கம் ஒரு ரோஜா பசுமைக்குடில். புது ரக நாற்று வருகிறது. அங்கே வேலைக்குப் போகிற பெண்கள் ஒவ்வொருவராக, ஒரு ராத்திரி தூங்கி எழுந்ததும் மாறிவிடுகிறார்கள். பேர், ஊர், வட்டிக் கணக்கு எல்லாம் நினைவிருக்கிறது. பாசமும் பயமும் மட்டும் இல்லை. பத்து வயதுப் பையன் ஒருவன் தன் அம்மாவிடம் இதைக் கண்டுபிடிக்கிறான்.

சிக்கல் இரண்டு. "உணர்ச்சியே காட்டாதீங்க" என்று சொன்னால் நடிக்கிறவர்கள் ஒன்று பிணமாக விறைக்கிறார்கள், இல்லாவிட்டால் தூக்கக் கலக்கம் மாதிரி தெரிகிறது. ஒத்திகையைப் பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள். இன்னொன்று, பயம் எங்கிருந்து வரும் என்று பிடிபடவில்லை. ரத்தம் இல்லை, பேய் இல்லை, துரத்தல் இல்லை.

கையில் இருப்பது: ஒரு மிரர்லெஸ் கேமரா, 35, 50 மி.மீ. லென்ஸ், எல்இடி பேனல் 2, ஒரு ரெக்கார்டர், ஒரு காலர் மைக். என்னென்ன படம், அதில் எந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும்?

#2 ரீல்பெட்டி

முதலில் 1956-இல் டான் சீகல் எடுத்த 'இன்வேஷன் ஆஃப் த பாடி ஸ்நாட்சர்ஸ்'. 80 நிமிடம், கறுப்பு வெள்ளை. ஜாக் ஃபின்னி 1954-இல் 'காலியர்ஸ்' இதழில் எழுதிய தொடர்கதை அதற்கு மூலம். விதைக்காய்களுக்குள் மனிதர்களின் நகல் விளைகிறது. தூங்கினால் நகல் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அதில் வில்மா என்ற பெண் வருகிற காட்சியை மட்டும் பத்து தடவை பாருங்கள். தன்னை வளர்த்த ஐரா மாமா இப்போது ஐரா மாமா இல்லை என்கிறாள். குரல் அதுதான், நினைவும் அதுதான். அவளைப் பார்க்கும்போது கண்ணில் வரும் அந்த ஒரு பார்வை மட்டும் இல்லையாம். அந்த நேரத்தில் மாமா என்ன செய்கிறார்? தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருக்கிறார். டாக்டரோடு சாதாரணமாகப் பேசுகிறார். அந்த நடிகர் விறைப்பாக எதுவுமே செய்யவில்லை. பயம் முழுக்க வில்மாவின் முகத்தில் இருக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில். உணர்ச்சி போனவரின் முகத்தில் பயத்தைத் தேடாதீர்கள். அவரை நேசிக்கிறவரின் முகத்தில் தேடுங்கள். 15 நிமிடத்தில் பையனின் முகம் குறைந்தது 7 நிமிடம் திரையில் இருக்க வேண்டும்.

அதே படத்தின் கடைசிப் பகுதியில் சுரங்கத்துக்குள் ஒரு முத்தம் வருகிறது. ஒரு கணம் கண்ணசந்த காதலியை நாயகன் முத்தமிடுகிறான். அவள் கண் திறந்த முகம் நெருக்கத்தில். அடுத்து அவன் முகம் அதைவிட நெருக்கத்தில். அடுக்கிய வரிசையைக் கவனியுங்கள். அவள் ஷாட் கேள்வி, அவன் ஷாட் பதில்.

#3 அரிதாரம்

ரீல்பெட்டி அண்ணா சொன்னது சரி. நடிக்கிறவங்களுக்கு என்ன சொல்லிக் கொடுக்கறதுன்னு நான் சொல்றேன்.

"உணர்ச்சி காட்டாதே"ங்கறது செய்ய முடியாத வேலை. எதைச் செய்யக்கூடாதுன்னு சொன்னா உடம்பு இறுகித்தான் போகும். எதைச் செய்யணும்னு சொல்லுங்க. அரிசி களையச் சொல்லுங்க, துணி மடிக்கச் சொல்லுங்க, பூக்கட்டை இருபது இருபதா எண்ணிக் கட்டச் சொல்லுங்க. கை வேலையா இருந்தா முகம் தானா அடங்கும்.

கண் சிமிட்டறதை நிறுத்தச் சொல்றது பெரிய தப்பு. சாதாரணமா மனுஷன் நிமிஷத்துக்கு 15, 20 தடவை சிமிட்டறான். நிறுத்தினா அரை நிமிஷத்துல கண்ணு கலங்கும். கலங்கின கண்ணு திரையில துக்கமாத் தெரியும், நீங்க கேட்டதுக்கு நேர் எதிர். சிமிட்டட்டும். ஆனா ஒரு வாக்கியம் முழுசா முடிஞ்ச பிறகு சிமிட்டட்டும், நடுவுல வேண்டாம். அது போதும்.

அடுத்தது நேரம். எல்லாரும் பதிலைத் தாமதமாச் சொல்ல வைக்கிறாங்க. அதனாலதான் தூக்கக் கலக்கமாத் தெரியுது. உணர்ச்சி இல்லாதவங்களுக்குத் தயக்கம் எதுக்கு? எதிராளி மனசு நோகுமோன்னு யோசிக்கிற அந்த அரை நொடி அவங்களுக்குத் தேவையில்ல. பதிலை உடனே சொல்லட்டும். "பாட்டி செத்துருவாங்களாம்மா?" "ஆமா." கேள்வி முடியறதுக்கும் பதிலுக்கும் நடுவுல இடைவெளியே இருக்கக் கூடாது. பாக்கறவங்களுக்கு முதுகுத்தண்டு சில்லிடும்.

#4 மாந்தோப்பு

அரிதாரம் அக்கா, வசனம் எப்படி எழுதுவது என்பதையும் சொல்லுங்கள். உணர்ச்சி இல்லாதவர் என்றாலே செந்தமிழில் பேச வைத்துவிடுகிறார்கள். சிரிப்பு வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

#5 அரிதாரம்

அதேதான். செந்தமிழ் பேசினா ரோபோ வேஷம் ஆயிடும். பேச்சுத் தமிழ்லயே விடுங்க. அதுல இருந்து சிலதை மட்டும் உருவிடுங்க.

நம்ம பேச்சுல பாசம் எங்க ஒட்டியிருக்கு? வார்த்தையில இல்ல, வால்ல. "வந்துட்டியாடா கண்ணு", "சாப்புடேன்பா", "ஏன்டா இப்படி எளைச்சுட்ட". டா, பா, மா, ஏன், கண்ணு, சாமி. இந்த வாலை நறுக்கினா "வந்துட்ட. சாப்பிடு." அவ்வளவுதான் மிச்சம். வார்த்தை அதேதான், ஆள் இல்ல.

இன்னொண்ணு, ஒருத்தர் பேசும்போது எதிராளி "ம்", "அப்புறம்", "அடப்பாவமே", "ஐயோ"ன்னு கொட்டிக்கிட்டே இருப்போம். அந்த "ம்" கொட்டறதை அடியோட எடுத்துடுங்க. பையன் பள்ளிக்கூடத்துல நடந்ததைச் சொல்லிக்கிட்டே வர்றான், அம்மா ஒரு "ம்" கூடப் போடல. சொல்லச் சொல்ல அவன் குரல் தானா சின்னதாகும். அந்தப் பையனுக்கு நடிப்பே சொல்லித் தர வேண்டாம். "ம்" கொட்டாத ஆள்கிட்ட எந்தக் குழந்தையாலயும் ரெண்டு நிமிஷம் பேச முடியாது.

ஓசூர்ப் பக்கம் கதைன்னா இன்னும் ஒரு வசதி இருக்கு. வீட்டுக்குள்ள தெலுங்கோ கன்னடமோ பேசற குடும்பம் நிறைய. பையனும் அம்மாவும் முதல் காட்சியில தெலுங்குல கொஞ்சிக்கட்டும். மாறின மறுநாள் அவன் தெலுங்குல கேக்கறான், அவ தமிழ்ல பதில் சொல்றா. தப்பே இல்லாத தமிழ். கடைக்காரர்கிட்ட பேசற பாஷையில அம்மா மகன்கிட்ட பேசறா. இதுக்கு மேல ஒரு எஃபெக்டும் வேண்டாம்.

#6 தொப்பூர்க்கணவாய்

அக்கா, அந்தப் பாஷை மாற்றம் ஒன்றே படத்துக்குப் போதும் போலிருக்கிறது. வசனத்தை இன்றே மாற்றி எழுதுகிறேன்.

பசுமைக்குடில் காட்சிகளுக்கு யாராவது சொல்லுங்கள். அதோடு, செடியை வைத்து வந்த வேறு படம் உண்டா?

#7 ரீல்பெட்டி

உண்டு. ஜெசிகா ஹவுஸ்னர் 2019-இல் எடுத்த 'லிட்டில் ஜோ'. மணத்தால் மனிதர்களுக்கு மகிழ்ச்சி தருவதற்காக ஆய்வகத்தில் ஒரு செடியை உருவாக்குகிறார்கள். அதன் மகரந்தத்தை முகர்ந்தவர்களுக்குச் செடி மேல் மட்டும் அக்கறை, மற்றவர்கள் மேல் இல்லை. அதில் நடித்த எமிலி பீச்சமுக்கு கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. உங்கள் கதைக்கு மிகவும் பக்கத்தில் வருவதால் கட்டாயம் பாருங்கள். எதைத் தவிர்க்க வேண்டும் என்பதும் தெரியும்.

அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது கேமராவின் நகர்வு. இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். கேமரா மெதுவாக முன்னே போகும், ஆனால் இருவரில் யாரிடமும் போகாது. இருவருக்கும் நடுவில் உள்ள வெற்றிடத்துக்குள் போய், இரண்டு முகமும் சட்டகத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டு மறையும். உறவு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை என்று ஒரு வசனம் இல்லாமல் சொல்லியாயிற்று. தண்டவாளமோ ஸ்லைடரோ இல்லாவிட்டால், பசுமைக்குடிலில் பூ எடுத்துப்போகும் தள்ளுவண்டியில் கேமராவை வைத்துத் தள்ளுங்கள். சக்கரத்தில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் அதிர்வு அடங்கும். 3 மீட்டர் தூரத்தை 25 நொடியில் கடந்தால் சரியாக இருக்கும். அதைவிட வேகம் என்றால் கேமரா யாரையோ தேடுவதுபோல் ஆகிவிடும்.

1956 படத்திலும் விதைக்காய்கள் நுரையோடு பிளந்து உடல்கள் வெளிவருவது ஒரு கண்ணாடிச் செடிவீட்டுக்குள்தான். ஆக நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் இடம் இந்த வகைப் படத்துக்குப் பிறந்த வீடு மாதிரி.

#8 ஒளிக்கீற்று

பசுமைக்குடிலில் படம் எடுப்பதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. மேலே போட்டிருக்கும் பாலித்தீன் தாள், பொதுவாக 200 மைக்ரான், வெயிலைச் சிதறடித்து நாலு பக்கமும் பரப்பிவிடும். நிழலே விழாது. முகம் அழகாக, மென்மையாகத் தெரியும். திகிலுக்கு அதுவே எதிரி. அதோடு சுற்றிலும் வெள்ளை என்பதால் நடிகரின் கருவிழியில் பெரிய வெள்ளைத் திட்டு விழும். கேட்ச்லைட் என்போமே, அதுதான். கண்ணில் அந்தப் புள்ளி இருக்கும்வரை பார்ப்பவருக்கு அந்த ஆள் உயிரோட்டமாகத்தான் தெரிவார்.

அதை அணைக்க வேண்டும். 6 அடிக்கு 6 அடி கறுப்புத் துணி ஒன்றைக் கேமராவுக்குப் பின்னால், கேமரா உயரத்திலிருந்து மேலே போகும்படி கட்டுங்கள். இன்னொன்றைத் தரையில், நடிகரின் காலடிக்கும் கேமராவுக்கும் இடையில் விரியுங்கள். தரையில் மண்ணை மூடும் வெள்ளை மல்ச்சிங் ஷீட் இருந்தால் கீழிருந்தும் கண்ணில் மின்னும். பலர் இதை மறந்துவிட்டு மேலேயே மூடிக்கொண்டிருப்பார்கள். இரண்டு துணியும் வந்ததும் கருவிழி மங்கிப் போவது மானிட்டரிலேயே தெரியும். மாறுவதற்கு முன் எடுக்கிற காட்சிகளில் துணி வேண்டாம். புள்ளி இருக்கட்டும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ போய்விட்டது என்று உறைக்கும்.

1960-இல் வந்த 'வில்லேஜ் ஆஃப் த டேம்ன்ட்' படத்தில் குழந்தைகளின் கண் ஒளிரும். கருவிழிப் பகுதியில் மட்டும் தனிப் பிம்பத்தை ஏற்றிச் செய்த வேலை. இன்று கைபேசி ஆப்பிலேயே அதைச் செய்யலாம் என்பதால் எல்லோரும் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கலர் லென்ஸும் வேண்டாம். கலர் கிரேடிங்கில், அதாவது கடைசியில் நிறம் திருத்தும்போது, படம் முழுக்க நீலத்தைப் பூசுவதும் வேண்டாம்.

நேரம்: காலையில் பூப்பறிப்பு நடக்கும், உள்ளே விடமாட்டார்கள். மதியம் உள்ளே வெக்கை தாங்காது. மாலை 4 மணியிலிருந்து 5.30 வரை கேளுங்கள். பிப்ரவரி 14-க்கு முந்தைய மூன்று வாரம் எந்தத் தோட்டத்திலும் போய்க் கேட்காதீர்கள். அவர்களுக்கு ஆண்டு வருமானமே அப்போதுதான். மருந்து அடித்த நாளில் எத்தனை மணி நேரம் கழித்து உள்ளே போகலாம் என்று சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும், குறிப்பாகப் பையனைக் கூட்டிப் போகும்போது. ஏசி காரிலிருந்து கேமராவை எடுத்து நேரே உள்ளே கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படியும். பையில் வைத்தபடியே கால் மணி நேரம் உள்ளே விட்டுவிட்டுப் பிறகு திறவுங்கள். இரவுக் காட்சிகளில் டியூப்லைட் விட்டு விட்டு மின்னாமலிருக்க நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி.

#9 ஒலிமேசை

ஒலியைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. இந்த வகைப் படத்தில் பாதி வேலை ஒலிதான்.

அந்த 1956 படத்துக்கு பிலிப் காஃப்மன் 1978-இல் சான் பிரான்சிஸ்கோவில் எடுத்த மறுவடிவத்தைப் பாருங்கள். மாறியவர்கள் மாறாத ஒருவரைக் கண்டதும் கையை நீட்டி ஒரு அலறல் அலறுவார்கள். பென் பர்ட் செய்த ஒலி. பன்றியின் கத்தலை உள்ளே கலந்திருக்கிறார். படம் முடிந்து எழுத்து ஓடும்போது இசையே கிடையாது. அந்த மௌனத்தில்தான் கடைசிக் காட்சி மனதில் இறங்குகிறது. அதற்கு இசையமைத்த டென்னி ஸைட்லின் ஜாஸ் பியானோ கலைஞர், மனநல மருத்துவரும்கூட.

உங்கள் படத்துக்கு அலறல் வேண்டாம். கழித்தல் போதும். ஊரின் ஆம்பியன்ஸை, அதாவது சுற்றுப்புற ஒலியை, தனித்தனி அடுக்காகப் பதிவு செய்யுங்கள்: சில்வண்டு, தவளை, தூரத்து நாய், பம்ப்செட், பக்கத்து வீட்டு டிவி, நெடுஞ்சாலை லாரி. ஒவ்வொன்றும் 2 நிமிடம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல். ஒவ்வொரு அறையிலும் யாரும் அசையாமல் 60 நொடி ரூம் டோன், அதாவது அந்த அறையின் வெற்று ஒலி. முதல் காட்சியில் ஆறு அடுக்கும் ஓடட்டும். பிறகு ஒவ்வொரு காட்சிக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டே வாருங்கள். முதலில் நாய், கடைசியில் சில்வண்டு. வெட்டி எடுக்காதீர்கள், காட்சி மாறும் இடத்தில் 2 நொடியில் கரைத்துவிடுங்கள். பம்ப்செட்டும் லாரியும் மட்டும் மிஞ்சும்போது அந்த ஊரில் இயந்திரம் மட்டும் இருக்கிறது என்று காது சொல்லிவிடும்.

எல்லோரும் செய்யும் பிழை ஒன்று: அடித்தொண்டையில் 'ம்ம்ம்' என்று நிற்காமல் நீளும் ஒரு அடியொலி (டிரோன்) போடுவது. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி கைபேசி ஸ்பீக்கரில் கிட்டத்தட்ட கேட்காது, உங்கள் படத்தை நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கைபேசியில்தான் பார்க்கப் போகிறார்கள். அடியொலி வேண்டுமென்றால் அம்மியில் குழவி உரசும் சத்தத்தைப் பதிவு செய்து ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) இறக்குங்கள். அதில் மேல் சுரங்கள் ஏராளம் இருப்பதால் சின்ன ஸ்பீக்கரிலும் தாங்கும்.

#10 மாந்தோப்பு

1993-இல் ஏபெல் ஃபெராரா எடுத்த 'பாடி ஸ்நாட்சர்ஸ்' பற்றி யாரும் சொல்லவில்லையே. ராணுவ முகாமில் நடக்கும் கதை. சிப்பாய்கள் ஏற்கெனவே ஒரே மாதிரி நிற்கிறவர்கள், ஒரே மாதிரி பேசுகிறவர்கள். யார் மாறினார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது. அருமையான தேர்வு.

அதில் குழந்தைகள் காப்பகக் காட்சி ஒன்று உண்டு. எல்லாக் குழந்தைகளும் வரைந்த படத்தைத் தூக்கிக் காட்டும். எல்லாம் அச்சு அசல் ஒரே படம். ஒரு பையனுடையது மட்டும் வேறு. நம் ஊர் அங்கன்வாடியில் இதை அப்படியே வைக்கலாமா?

#11 அரிதாரம்

வைக்கக் கூடாது. நம்ம ஊர்ல எந்தக் குழந்தைகிட்ட தாளைக் கொடுத்தாலும் ரெண்டு மலை, நடுவுல சூரியன், கீழ ஆறு, ஓரமா ஒரு குடிசை, ஒரு தென்னமரம். எல்லாம் ஒரே படமாத்தான் இருக்கும். பாக்கறவங்க யாரும் பயப்பட மாட்டாங்க.

மதிய உணவு மணி அடிக்கிற காட்சி வைங்க. மணி அடிச்சதும் தட்டைத் தூக்கிட்டு ஓடாத குழந்தை கிடையாது. இங்க மணி அடிக்குது, முப்பது பேரும் நடந்து போறாங்க. யாரும் யாரையும் இடிக்கல. அவ்வளவுதான்.

#12 நரம்புப்பின்னல்

இந்தக் கதைக்கு மருத்துவத்தில் ஒரு நிஜ வேர் இருக்கிறது, பயன்படும் என்று எழுதுகிறேன். 1923-இல் ஜோசப் காப்க்ரா என்ற பிரெஞ்சு மனநல மருத்துவரும் அவருடைய சகாவும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். தன் குடும்பத்தாரெல்லாம் போய்விட்டார்கள், அவர்களைப் போலவே இருக்கும் வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அந்தப் பெண் நம்பினார். இப்போது அதற்குக் காப்க்ரா மாயை என்று பெயர்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன், வில்லியம் ஹிர்ஸ்டைனோடு சேர்ந்து 1997-இல் இப்படி ஒருவரைப் பற்றி எழுதினார். சாலை விபத்தில் தலையில் அடிபட்டவர். பெற்றோரை நேரில் பார்த்தால் போலி என்பார். அதே பெற்றோர் தொலைபேசியில் பேசினால் சந்தேகமே இல்லாமல் அம்மா, அப்பா என்று பேசுவார். ராமச்சந்திரன் தரும் விளக்கம்: முகத்தை அடையாளம் காணும் மூளைப் பகுதி நன்றாக இருக்கிறது, அங்கிருந்து உணர்ச்சி மையத்துக்குப் போகும் இணைப்பு அறுந்துவிட்டது. முகம் தெரிகிறது, அதோடு வரவேண்டிய வாஞ்சை வரவில்லை. "அம்மாதான், ஆனால் அம்மா இல்லை" என்று மூளை கணக்குப் போடுகிறது. காதிலிருந்து போகும் பாதை வேறு என்பதால் குரல் பிழைத்துக்கொள்கிறது.

இதைக் கதைக்குள் வைத்துப் பாருங்கள். பையன் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அம்மாவைக் கூப்பிடுகிறான். போனில் வருவது பழைய அம்மா. "வர்றேன்டா கண்ணு." ஐந்து நிமிடத்தில் கதவைத் திறந்து வருபவள் வேறு ஆள்.

இப்போது ஒரு கேள்வி எழும். அறுந்த இணைப்பு யாருடைய தலைக்குள் இருக்கிறது? உணர்ச்சி போனது அம்மாவுக்கா, அவளைப் பார்க்கிற பையனுக்கா?

ஒரு வேண்டுகோள். படத்தில் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். அந்தத் துன்பத்தோடு வாழ்கிறவர்களும் அவர்கள் வீட்டாரும் இருக்கிறார்கள். அவர்களை அரக்கர்களாக்கக் கூடாது.

#13 ரீல்பெட்டி

நரம்புப்பின்னல், கேள்வி நல்ல கேள்வி. ஆனால் 15 நிமிடத்துக்கு இது கனம் அதிகம் என்பது என் எண்ணம். கடைசி நொடியில் "மாறியது பையன்தான்" என்று காட்டினால் பார்ப்பவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். முன்னால் அவன் மேல் வைத்த பரிவெல்லாம் வீணாகும்.

#14 நரம்புப்பின்னல்

திருப்பமாக வைத்தால் ஏமாற்று வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆரம்பத்திலிருந்தே இரண்டுக்கும் இடம் கொடுத்து எடுக்கலாம். அவனும் அதே வீட்டில், அதே பூவின் பக்கத்தில்தானே தூங்கினான்? முதல் பாதியில் அவன் காட்டிய அக்கறைகளை எண்ணிக்கொள்ளுங்கள். கோழிக்குத் தண்ணீர் வைத்தது, தங்கச்சிக்குப் போர்த்திவிட்டது. பின்பாதியில் அதில் ஒன்றைக்கூட அவன் செய்வதில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருப்பதால் நாமும் கவனிப்பதில்லை.

#15 ரீல்பெட்டி

அப்படியென்றால் சரி. அது ஏமாற்று இல்லை, கண்முன் வைத்ததுதான்.

அப்படி எடுப்பதானால் இதையும் பாருங்கள். 1956 படத்தில் நாயகனும் நாயகியும் மாறியவர்களைப் போல நடித்துக்கொண்டு தெருவில் போவார்கள். ஒரு நாய் லாரியில் அடிபடப் போகிறது; அவள் கத்திவிடுகிறாள்; மாட்டிக்கொள்கிறார்கள். 1978 படத்திலும் மாட்டிவிடுவது நாய்தான், மனித முகத்தோடு ஓடிவரும் நாய். அதைக் கண்டு அவள் அலறுகிறாள். இரண்டு இயக்குநர்களும் மனிதரைச் சோதிக்கும் உரைகல்லாக ஒரு வாயில்லா ஜீவனைத்தான் வைத்திருக்கிறார்கள்.

உங்கள் படம் நடப்பது நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில். சோதனை எதுவென்று சொல்லத் தேவையில்லை. ஆனால் விலங்கைக் காட்டாதீர்கள். படத்தில் விலங்கை நடிக்க வைக்க 2001-ஆம் ஆண்டு விதிகளின்படி இந்திய விலங்கு நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். ஒலி போதும்.

#16 அரிதாரம்

எல்லாரும் மாறின பிறகு என்னன்னே பேசறீங்க. மாறறதுக்கு முந்தி அம்மா எப்படி இருந்தான்னு முதல்ல காட்டணும். குறும்படங்கள் விழற இடமே இதுதான். ரெண்டாவது நிமிஷத்துலயே மாத்திடறாங்க. இருந்ததைக் காட்டாம போனதை எப்படிக் காட்டறது? 1978 படத்துல நாயகி கண்ணு ரெண்டையும் கிறுகிறுன்னு ஆட்டி வேடிக்கை காட்டுவா. கதைக்கு அது தேவையே இல்ல. ஆனா அவ போகும்போது நமக்கு அந்தக் கண்ணுதான் ஞாபகம் வரும்.

நம்ம தர்மபுரிப் பக்கம் இதுக்கு ஒரு காட்சி இருக்கு. திரௌபதி அம்மன் திருவிழா, படுகளம். துரியோதனனை மண்ணுல பெருசா கிடத்தியிருப்பாங்க. தொடையில செஞ்சாந்து மாதிரி ரத்தம் வைப்பாங்க, பீமன் வேஷக்காரர் அடிக்க அது பீறிட்டு வரும். பாஞ்சாலி கூந்தல் முடிவா. அப்போ அந்த மண்ணுக்குப் பக்கத்துல ஒப்பாரி வைக்கும்போது, சுத்தி நிக்கிற பொம்பளைங்க நிஜமாவே அழுவாங்க. கெட்டவன்னு தெரியும், மண்ணுன்னு தெரியும், அப்பவும் அழுவாங்க.

முதல் காட்சி இது. பையன் கேக்கறான், "மண்ணுதானேம்மா, ஏன் அழற?" அவ மூக்கைச் சிந்திக்கிட்டு, "மண்ணா இருந்தா என்னடா, ஒரு தாய் பெத்ததுதானே"ங்கறா. மண்ணுக்கு அழுதவ, அடுத்த வாரம் பெத்த பிள்ளை சுடு சோறு தொண்டையில சிக்கி இருமும்போது கையில இருக்கற வேலையை நிறுத்தாம இருக்கா. அந்தத் தூரம்தான் படம்.

#17 தொப்பூர்க்கணவாய்

அக்கா, எழுதியிருந்த முதல் மூன்று நிமிடத்தை அப்படியே தூக்கிவிட்டு இதை வைக்கிறேன். ஆனால் முழு உருவத்தைக் காட்ட வசதியில்லை. நடக்கிற திருவிழாவுக்குள் கேமராவோடு போவதும் சரியாகப் படவில்லை.

#18 அரிதாரம்

போகாதீங்க. அது அவங்க வழிபாடு. ஒரு கையும் ஒரு பாதமும் போதும். ஒரு டிராக்டர் டிப்பர் செம்மண்ணுல பாதி ஆகும். முந்தின நாள் சாயங்காலம் தண்ணி தெளிச்சுப் பிசைஞ்சு, வைக்கோல் கலந்து மேடு போடுங்க. வைக்கோல் இல்லன்னா வெயில்ல விரலெல்லாம் வெடிச்சுப் போகும். மறுநாள் காலையில மேல்பூச்சு, சுண்ணாம்பு, காவி. பாதம் மட்டும் மூணு அடி இருக்கணும், பையன் அது பக்கத்துல நிக்கும்போது அவன் இடுப்புக்கு வரணும். ஒப்பாரியைக் கூத்துக்காரங்களையே பாடச் சொல்லிப் பதிவு பண்ணுங்க, உரிய பணமும் கொடுத்துடுங்க. பின்னால கும்பலா எட்டுப் பேர், சேலை முந்தானை மட்டும் தெரிஞ்சாப் போதும்.

#19 ஒளிக்கீற்று

சாப்பாட்டுக் காட்சி வந்ததால் ஒன்று. சோறு வேண்டாம், களி வையுங்கள். கேழ்வரகுக் களி உருண்டையில் குழி பறித்துக் குழம்பு ஊற்றுவது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கைவேலை. முன்பாதியில் அம்மா பையனுடைய உருண்டையை மட்டும் தட்டில் அமுக்கி, பரப்பி, ஊதி ஆறவைத்துக் கொடுக்கட்டும். பின்பாதியில் நாலு தட்டில் நாலு உருண்டை, ஒரே அளவு, ஆவி பறக்க. ஊதவில்லை. அவ்வளவையும் ஒரே ஷாட்டில், 50 லென்ஸ், தட்டு உயரத்தில் கேமரா. அம்மாவின் முகம் சட்டகத்திலேயே வேண்டாம்.

ஆவி தெரிய வேண்டுமென்றால் விளக்கு தட்டுக்குப் பின்னாலிருந்து வரவேண்டும், பின்னணி இருட்டாக இருக்கவேண்டும். முன்னாலிருந்து அடித்தால் ஆவி மறைந்துபோகும். களி பத்து நிமிடத்தில் மேலே ஆடை கட்டிவிடும். ஒவ்வொரு டேக்குக்கும் கிண்ட வேண்டியதில்லை. உருண்டையை ஈரக்கையால் ஒரு தடவு தடவி, தட்டுக்குப் பின்னால் மறைவாக ஒரு டம்ளர் கொதிநீர் வைத்துவிடுங்கள். டேக் எடுக்கும்போது பையன் சாப்பிடுவது ஆறிய உருண்டையாகவே இருக்கட்டும்.

#20 தொப்பூர்க்கணவாய்

இப்போது முடிவு தெளிவாகிவிட்டது. பையன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். சாலையில் பிரேக் சத்தம், ஒரு ஆட்டுக்குட்டியின் கத்தல். அவன் திரும்பவில்லை. முகத்தை எத்தனை நொடி பிடித்து வைப்பது? கத்தலுக்குப் பிறகு 4 நொடி போதுமா?

#21 ஒலிமேசை

4 நொடியில் பார்ப்பவர் "ஓ, அவனும்தானா" என்று புரிந்துகொண்டு நிம்மதியாகிவிடுவார். 9 நொடி வையுங்கள். முதல் 3 நொடியில் அவன் திரும்புவான் என்று எதிர்பார்ப்பார்கள், அடுத்த 3 நொடியில் புரியும், மீதி 3 நொடியை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியாது.

பிரேக் சத்தம் வலது பக்கம் மட்டும் கேட்கட்டும், மைனஸ் 10 டெசிபல். ஆட்டுக்குட்டிக் கத்தல் அதைவிட 6 டெசிபல் குறைவாக, ஒரே ஒரு தடவை. தாய் ஆட்டின் குரல் தூரத்திலிருந்து இரண்டு தடவை வரட்டும். இரண்டாவது தடவை பாதியில் படத்தை வெட்டிக் கறுப்புக்குப் போங்கள். ஒலி மட்டும் கறுப்பில் முடியட்டும்.

#22 அரிதாரம்

திண்ணையில பையன் பக்கத்துல தங்கச்சியும் இருக்கட்டும். மூணு வயசு போதும். அவ மட்டும் சத்தம் வந்த பக்கம் திரும்பி, அண்ணன் முகத்தைப் பாக்கட்டும்.